அண்ணனுக்கு ஒரு வேட்டி

மடிப்புக் கலையாத வெள்ளைச் சேலையை உதறி இடுப்பில் சுற்றிக்கொண்டிருந்தபோது, தெருவில் யாரோ "அஞ்சரை ஆயிருச்சுப்பா" என்று சொல்வது ஆவுடைத்தாய்க்குக் கேட்டது. கை ஒரு கணம் நின்றது. பிறகு கொசுவத்தைச் செருகிக்கொண்டாள்.

ஐந்தரை மணிக்கு என்றுதான் கடுதாசியில் போட்டிருந்தது. ஊரில் எத்தனையோ சாவு விழுந்திருக்கிறது. தேதியும் மணியும் போட்டுத் தபாலில் வந்த சாவு இது ஒன்றுதான். அதனால் ஜனங்களுக்கு ஏகப்பட்ட குழப்பம். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் நேற்றுச் சாயங்காலமே வந்து இறங்கிவிட்டார்கள். "என்ன இம்புட்டுத் தூரம்?" என்று வழக்கம்போலக் கேட்டுவிட்டு, கேட்டவர்களே நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். பாடைக்கு மூங்கில் வெட்டி வைக்கலாமா, உயிரோடு இருக்கிறவனுக்கு வெட்டினால் பாவமா என்று இரண்டு நாள் பேச்சு நடந்தது. "மூங்கில வெட்டுவோம், எதுக்குன்னு சொல்ல வேணாம்" என்று யாரோ தீர்த்து வைக்க, நாலு மூங்கில் சுவரோரம் சாத்தியிருக்கிறது. எதற்கு என்று இதுவரை யாரும் சொல்லவில்லை.

சாகப்போகிறவன், இல்லை, இந்நேரம் செத்திருக்க வேண்டியவன், கருத்தப்பாண்டி. மதுரை ஜெயிலில் தூக்கு. அவன் கொன்றது பால்ச்சாமியை. பால்ச்சாமி ஆவுடைத்தாயின் புருஷன். விஷயம் இத்தோடு நின்றிருந்தால் ஊருக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஆனால் கருத்தப்பாண்டி கட்டியிருந்தது பால்ச்சாமியின் கூடப்பிறந்த ஒரே தங்கச்சி வெள்ளைத்தாயை. இரண்டு வீடும் ஒரே தெரு, ஆறு வாசல் தள்ளி.

மச்சினன்மார் இரண்டு பேரும் ஆளுக்கொரு மாடு வைத்திருந்தார்கள். இரண்டையும் சேர்த்துக் கட்டினால்தான் ஒரு ஏர். பத்து வருஷம் அப்படித்தான் ஓடியது. அறுபத்தெட்டு ஐப்பசியில், மூன்று வருஷப் பொய்ப்புக்குப் பிறகு, ஒரே ஒரு நல்ல மழை பெய்தது. உழுகிற பதம் இரண்டு நாள் நிற்கும். முதலில் யார் புஞ்சை? பேச்சு வளர்ந்தது. கருத்தப்பாண்டி கையில் நுகத்தடி இருந்தது. ஒரே அடியில் பால்ச்சாமி விழுந்துவிட்டான். விழுந்தவன் மேல் இன்னும் இரண்டு அடி. அந்த இரண்டு அடிக்குத்தான் தூக்கு, முதல் அடிக்கு இல்லை என்று வக்கீல் பிற்பாடு விளக்கினார்.

இப்போது தெருவின் கவலை வேறு. புருஷன் செத்தால் பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடி வர வேண்டும். செத்தவனுக்கு ஒரு வேட்டி, தாலி அறுக்கிறவளுக்கு ஒரு சேலை. அது வந்து விழாமல் பிணத்தைத் தூக்கினால், அவளுக்குப் பிறந்த வீடு இல்லை என்று அர்த்தம். அதற்குப் பிறகு ஒரு நல்லது கெட்டதுக்குப் போய் நிற்க அவளுக்கு வாசல் கிடையாது. வெள்ளைத்தாய்க்குத் தாய் தகப்பன் இல்லை. இருந்த ஒரே அண்ணனைப் புருஷனே அடித்துவிட்டான். பிள்ளை குட்டியும் இல்லை. பிறந்த வீடு என்று மிச்சம் இருப்பது அந்த ஓட்டு வீடும், அதில் ஒற்றையாகக் குடியிருக்கிற ஆவுடைத்தாயும்தான். ஆக, தன் புருஷனைக் கொன்றவனுக்கு ஆவுடைத்தாய் வேட்டி கொண்டுபோய்ப் போர்த்துவாளா, மாட்டாளா? பத்து நாளாக ஊர் ஒருத்தரை ஒருத்தர் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. அவளிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

கேட்கத்தான் எதிர்வீட்டு ராக்கம்மாள் விளக்குமாற்றோடு வந்து நின்றாள். தன் வாசலைக் கூட்டி முடித்து ஆவுடைத்தாயின் வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டே வந்திருந்தாள்.

"ஏத்தா ஆவுடை, என்ன புதுச் சேலை?"

"பழசெல்லாம் அழுக்காக் கெடக்குக்கா."

"இன்னைக்குப் பாத்தா?"

"இன்னைக்குத்தான் அழுக்காச்சு."

"சரி, எங்க கெளம்பிட்ட?"

"அருப்புக்கோட்டைக்கு."

"பொணம் வர்ற நாள்லயா?"

"மத்தியானம்தானக்கா வருது" என்று கதவைப் பூட்டிக்கொண்டு நடந்தாள்.

ராக்கம்மாளுக்குப் பெரிய சங்கடம். இவள் பின்னாலேயே பஸ் ஏறினால் பிணம் வருவதைப் பார்க்க முடியாது. பிணத்துக்காக இருந்தால் இவள் எங்கே போகிறாள் என்று தெரியாது. கடைசியில் பிணம் ஜெயித்தது. ஆவுடைத்தாய் தெருமுனை திரும்புவதற்குள் சேதி ஆறு வாசலையும் தாண்டிவிட்டது. கோடி போடப் பயந்து ஓடுகிறாள். ஓடுகிறவள் புதுச் சேலை கட்டி மினுக்கிக்கொண்டு வேறு ஓடுகிறாள்.

பஸ் நிற்கிற இடத்தில் ஐயாத்துரை டீக்கடை. கோர்ட்டு நடந்த நாளில்கூட அங்கே இத்தனை ஜட்ஜுகள் உட்கார்ந்ததில்லை.

"கொன்னான். கொன்னுட்டாக. சரியாப் போச்சு" என்றார் பெஞ்சில் இருந்த ஒரு பெரியவர்.

"என்ன மாமா சரியாப் போச்சு? ஒரு தெருவுல ஒரு தாலி அந்துச்சு. இப்ப ரெண்டு. இதுவா சரி?" என்றான் பஞ்சு லோடு ஏற்றப் போகிற ஒருத்தன்.

"அப்ப மாலையப் போட்டுக் கூட்டியாரச் சொல்றியா?"

"யாரு சொன்னா? பதினாலு வருசம் உள்ள போடட்டும்."

"போட்டா? உக்காந்து திம்பான். ஜெயில்ல ஞாயித்துக்கெழம கறியாம்ல."

"அம்புட்டு ஆசையா இருந்தா நீரும் ஒருத்தரைச் சாத்திட்டுப் போறது."

ஐயாத்துரை டீயை ஆற்றிக்கொண்டே, "அதெல்லாம் இல்லப்பா. ஒருத்தனைத் தூக்குல போட்டாத்தான் நாலு பேருக்குப் பயம் இருக்கும்" என்றார்.

"போன மாசம் கம்மாக்கரையில மீன் பங்குக்கு அருவாளத் தூக்கிட்டு நின்னீகளே அண்ணே, அப்ப எங்க போச்சு அந்தப் பயம்?"

"அது வேற. அது சும்மா காட்டுறதுக்கு."

"கருத்தப்பாண்டியும் நுகத்தடியச் சும்மா காட்டத்தான் எடுத்திருப்பான்."

ஐயாத்துரை பதில் சொல்ல வாயைத் திறந்தவர் புளியமரத்தடியில் நின்ற வெள்ளைச் சேலையைப் பார்த்துவிட்டார். பெஞ்சில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் டீ சூடாக இருந்தது.

"தங்கச்சி, ஒரு டீ குடிக்கியாத்தா?"

"வேணாம்ணே. பஸ்ஸு வந்துரும்."

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மடியில் கிடந்த முந்தானையை அவள் விரலால் நீவிக்கொண்டே இருந்தாள். இந்தச் சேலையை வாங்கியது மதுரையில், தீர்ப்புச் சொன்ன அன்றைக்கு. ஜட்ஜு இங்கிலீஷில் படித்தார். ஒன்றும் விளங்காமல் நின்றவளுக்குப் பக்கத்திலிருந்த போலீஸ்காரர் தன் கழுத்தில் விரலை வைத்துக் காட்டினார். வெளியே வந்தவள் கண்ணில் பட்ட முதல் ஜவுளிக்கடையில் ஏறினாள். வெள்ளைத்தாய்க்கு என்று எடுத்தாள். இதை அவள் கட்ட வேண்டும், நான் என் கண்ணால் பார்க்க வேண்டும். உயிரோடு இருக்கிறவனுக்குக் கோடி எடுத்து வைப்பது அவன் சாவுக்கு நேர்ந்துகொள்வதற்குச் சமம். தெரிந்துதான் எடுத்தாள். எடுத்துப் பெட்டிக்குள் அடியில் வைத்தாள். கோடி என்றால் வேட்டியும் உண்டு என்பது அன்றைக்கு அவளுக்குத் தோன்றவே இல்லை.

இன்றைக்கு விடியக்காலம் பெட்டியைத் திறந்து அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இதைக் கொண்டுபோய் ஒருத்தி தோளில் போட முடியாது என்று பட்டது. குப்பையில் எறியவும் மனசு வரவில்லை. புருஷன் போனதிலிருந்து அவளும் வெள்ளைதானே கட்டுகிறாள்? கட்டிக்கொண்டாள்.

பெட்டியின் அடியில் இருந்தது அந்த ஒன்று மட்டும்தான். மனசின் அடியில் இன்னொன்று இருந்தது. போன வருஷம் கருத்தப்பாண்டியின் அண்ணன் உக்கிரபாண்டி ஒரு காகிதத்தோடு மூன்று தடவை வந்தார். கருணை மனு. செத்தவன் பெண்டாட்டியின் கைரேகையும் இருந்தால் மேலே கொஞ்சம் யோசிப்பார்கள் என்று வக்கீல் சொல்லியிருந்தார். முதல் தடவை, "நாளைக்கு வாங்கண்ணே" என்றாள். இரண்டாவது தடவை வெயிலேறும் முன்னே பருத்தி எடுக்கப் போய்விட்டாள். மூன்றாவது தடவை கதவு சாத்தியிருந்தது. மாட்டேன் என்று அவள் சொல்லவே இல்லை. ரேகையும் வைக்கவில்லை. வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைச் சொல்ல அருப்புக்கோட்டையிலும் ஆள் கிடையாது, மதுரையிலும் கிடையாது.

காசிராஜன் ஜவுளிக்கடையைத் திறக்க ஒன்பது மணி ஆகிவிட்டது. முதல் போணி. ஊதுபத்தியைச் சுற்றிக் காட்டிவிட்டு உட்கார்ந்தவர், "என்னம்மா வேணும்?" என்றார்.

"ஒரு வேட்டி. ஒரு வெள்ளைச் சேலை."

முதல் போணியே இப்படி என்று முகத்தில் ஓடியதை அவர் மறைத்துக்கொண்டார். வியாபாரிக்கு அது வரும். "கோடியாம்மா? கோடின்னா நாங்க பிரிச்சுக் காட்டுறதில்ல. நீங்களும் வெலை பேசக் கூடாது. யாருக்கு?"

ஆவுடைத்தாய் கொஞ்சம் யோசித்தாள். நாத்தனார் புருஷன் என்ன முறை?

"அண்ணனுக்கு."

"அடடா. என்ன வயசு?"

"நாப்பது இருக்கும்."

"சின்ன வயசாச்சே. என்ன சீக்கு?"

"சீக்கு ஒண்ணும் இல்ல."

"பொசுக்குன்னு போயிட்டாகளா?"

"இல்ல. முன்கூட்டியே தேதி சொல்லித்தான் போனாக."

காசிராஜன் கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். "அதெல்லாம் புண்ணியம் பண்ணவுகளுக்குத்தாம்மா அமையும். படுக்கையில கெடக்காம, ஒருத்தர் கையை எதிர்பாக்காம."

"ஆமா" என்றாள் ஆவுடைத்தாய்.

பத்து மணி பஸ் வரவில்லை. டயர் பஞ்சர், அடுத்தது ஒன்றரைக்கு என்றார்கள். காகிதப் பொட்டலத்தை மாரோடு அணைத்துக்கொண்டு ரோட்டோரம் நின்றாள். ஒன்றரை பஸ்ஸை நம்பினால் அதற்குள் பிணத்தைத் தூக்கினாலும் தூக்கிவிடுவார்கள். மாசி வெயில் சித்திரை மாதிரி அடித்தது. நடக்கலாமா என்று அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் மதுரைப் பக்கமிருந்து ஒரு லாரி வந்து டீசல் போட நின்றது. பின்னால், விரித்த வைக்கோல் மேல் பாயில் சுற்றி ஒன்று கிடந்தது. அதன் தலைமாட்டில் உக்கிரபாண்டி உட்கார்ந்திருந்தார்.

அவர் அவளைப் பார்த்தார். பொட்டலத்தைப் பார்த்தார்.

"பஸ்ஸு?"

"பஞ்சராம்."

அவர் எழுந்து பின்பலகையை இறக்கினார். "ஏறுத்தா."

டிரைவர் எட்டிப் பார்த்தான். "என்னய்யா, பொணத்தோட பொம்பளைய ஏத்துறீக? வழக்கம் இல்லையே. யாரு அது?"

"அவனுக்குத் தங்கச்சி" என்றார் உக்கிரபாண்டி.

முறைப்படி பார்த்தால் அது பொய் இல்லை. லாரி புறப்பட்டது. ஆவுடைத்தாய் பாயைப் பார்க்காமல் இரண்டு பக்கமும் ஓடுகிற கருவேல மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். முகம் மட்டும் திறந்திருந்தது என்பது பார்க்காமலே தெரிந்தது. கழுத்தைச் சுற்றி அவர் தன் துண்டைக் கட்டியிருந்தார்.

"கொட்டு வைக்கக் கூடாதாம். ஊர்கோலம் கூடாதாம். இருட்டுறதுக்குள்ள எரிச்சிரணுமாம். எழுதி வாங்கிக்கிட்டாக" என்றார் உக்கிரபாண்டி. கொஞ்ச தூரம் போனதும் தானாகவே சொன்னார். "முந்தாநாள் பாக்க விட்டாக. என்னடா வேணும்னேன். ஒண்ணும் வேணாம்னான். இந்த வருசம் மொதல்ல யாரு புஞ்சையண்ணே உழுதீகன்னு கேட்டான்."

ஆவுடைத்தாய் திரும்பினாள். "என்ன சொன்னீக?"

"ரெண்டும் தரிசாக் கெடக்குன்னு சொல்ல வாய் வரல. ஆவுடை புஞ்சைதான்டான்னேன்."

"அதுக்கு?"

"சரின்னான்."

மாடு இரண்டும் வழக்கு நடந்த வருஷமே தனித்தனியாக விலை போய்விட்டன. நுகத்தடி கோர்ட்டிலேயே தங்கிவிட்டது. ஓடை இறக்கத்தில் லாரி குதித்தது. செத்தவன் தலை பலகையில் இடித்த சத்தம் கேட்டது. உக்கிரபாண்டி பிடித்து நேராக வைத்தார். மதுரையிலிருந்து அப்படித்தான் பிடித்துக்கொண்டு வருகிறார்.

"அண்ணே" என்றாள் ஆவுடைத்தாய். "மூணாவது தடவை நீங்க காயிதத்தோட வந்தப்ப நான் வீட்டுக்குள்ளதான் இருந்தேன்."

"தெரியும்த்தா. ஓட்டு மேல பொகை வந்துக்கிட்டு இருந்துச்சு."

"கதவத் தட்டலையே நீங்க."

"எப்பிடித் தட்டுறது?"

"ரேகை வச்சிருந்தா விட்டிருப்பாகளா?"

அவர் நழுவிய பாயை இழுத்துவிட்டார். "தெரியாது. வக்கீலுக்கும் தெரியாது."

மறுபடியும் பள்ளம். மறுபடியும் இடித்தது. உக்கிரபாண்டியின் கை வருவதற்குள் ஆவுடைத்தாய் தன் கையை நீட்டி, பலகைக்கும் தலைக்கும் நடுவில் கொடுத்தாள். ஜெயிலில் முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். உள்ளங்கையில் முள்முள்ளாகக் குத்தியது. அடுத்த பள்ளத்தில் எடுத்துவிடலாம் என்று நினைத்தாள். அந்த ரோட்டில் பள்ளத்துக்கா பஞ்சம்? ஊர் வருகிற வரைக்கும் எடுக்கவில்லை.

லாரி தெருவுக்குள் நுழைந்தபோது ராக்கம்மாள் நாலு பேருக்கு நடுவில் நின்று, ஆவுடைத்தாய் இந்நேரம் எந்த ஊரில் எந்தச் சொந்தக்காரர் வீட்டில் உட்கார்ந்திருப்பாள் என்பதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பின்பலகை இறங்கியது. பிணத்துக்கு முன்னால் வெள்ளைச் சேலைதான் இறங்கியது.  முதலில் சுதாரித்தவள் ராக்கம்மாள்தான்.

"நான் அப்பவே சொன்னேன்ல? கோடி எடுக்கத்தான் போறான்னு."

கருத்தப்பாண்டியை வாசலில் கிடத்தினார்கள். சுவரோரம் இருந்த மூங்கிலுக்கு ஒருவழியாகப் பெயர் கிடைத்தது. கொட்டு இல்லாத சாவு என்பதால் காகம் கத்துவதுகூடத் தனியாகக் கேட்டது. வெள்ளைத்தாய் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அவள் அழவில்லை என்பது தெருவுக்கு ஒரு மனக்குறை.

ஆவுடைத்தாய் பொட்டலத்தைப் பிரித்தாள். வேட்டியை உதறினாள். ஒரு முனையை உக்கிரபாண்டி பிடிக்க வந்தார். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுத் தானே காலிலிருந்து மேலே இழுத்துப் போர்த்தினாள். கழுத்துத் துண்டு வரைக்கும் வந்து, அங்கே ஒரு தடவை நின்று, அதையும் மூடினாள். பிறகு சேலையை எடுத்துக்கொண்டு வெள்ளைத்தாய் பக்கத்தில் குனிந்து தோளில் போட்டாள்.

இந்த இடத்தில் இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழ வேண்டும். இரண்டு பேரும் சும்மா இருந்தார்கள்.

"எங்கண்ணன் செத்தன்னைக்கு என்னைய வாசல்லயே நிப்பாட்டுன" என்றாள் வெள்ளைத்தாய், தலையை நிமிர்த்தாமல். "மொகத்தப் பாக்க விடல."

"ஆமா."

"இன்னைக்கு ஏன் மதினி வந்த?"

ஆவுடைத்தாய் சேலையின் ஓரத்தை அவள் தோளில் சரிசெய்தாள். "பஸ்ஸு வரல. லாரியில வந்தேன்" என்றாள்.

கேட்டதற்கும் சொன்னதற்கும் சம்பந்தம் இல்லை என்று பக்கத்தில் நின்றவர்களுக்குத் தோன்றியது. வெள்ளைத்தாய் மேற்கொண்டு கேட்கவில்லை. பொறுக்க மாட்டாத ராக்கம்மாள்தான் பெருங்குரலெடுத்து ஒப்பாரியைத் தொடங்கி வைத்தாள். அவள் தொடங்கியதும் மற்றப் பெண்களுக்கும் வந்தது. வெள்ளைத்தாய்க்கு எப்போது வந்தது என்பதை அந்தக் கூச்சலில் ஒருத்தரும் கவனிக்கவில்லை. ஆவுடைத்தாயின் முழங்கால் மட்டும் நனைந்தது.

நாலு மணிக்குத் தூக்கினார்கள். பிணம் ஊர் எல்லையைத் தாண்டியதும், கோடி போட்ட வீட்டுக்காரி தாலி அறுத்தவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிச் சோறு போட வேண்டும். இரண்டு பேரும் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக அந்த ஆறு வாசலைக் கடந்தார்கள். அன்றைக்கு ஒவ்வொரு வாசலிலும் ஏதோ ஒரு வேலை இருந்தது. கூட்டாத வாசலே இல்லை.

கொல்லையில் ஆவுடைத்தாய் ஏழு குடம் தண்ணீர் ஊற்றினாள். மஞ்சள் கழுத்திலிருந்து கரைந்து ஓடியது. அவளும் ஒரு குடம் ஊற்றிக்கொண்டு தலையைத் துவட்டுவதற்குள் வெள்ளைத்தாய் கோடிச் சேலையைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பொழுது சாய்ந்திருந்தது. ஓட்டு வீட்டுக்குள் அதற்கு முன்னதாகவே இருட்டு வந்துவிடும்.

ஆவுடைத்தாய் வாசற்படியில் வந்து நின்றாள். வெள்ளைத்தாய் கூடத்தைத் தடுமாறாமல் கடந்து, அடுப்படியில் இடது பக்கச் சுவரின் மாடக்குழியில் கையை விட்டாள். அவள் பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் தீப்பெட்டி இருக்கிற இடம் அது. கை உள்ளே துழாவியது. ஒன்றும் இல்லை. எடுக்காமல் கை அங்கேயே இருந்தது.

இரண்டு வருஷமாகத் தீப்பெட்டி இருந்தது எதிர்மூலையில், தானியம் கொட்டி வைக்கிற குலுக்கை மேல். ஆவுடைத்தாய் அவளைத் தாண்டிப் போய் அதை எடுத்து வந்தாள். கையில் கொடுக்கவில்லை. மாடக்குழியில் வைத்துவிட்டு, விறகு எடுத்துவரக் கொல்லைக்குப் போனாள்.

நாலு சுள்ளியை எடுத்துக் கையில் அடுக்கிக்கொண்டு அங்கேயே நின்றாள். உள்ளே தீக்குச்சி உரசுகிற சத்தம் கேட்டது.